பழைய மரச்சாமானின் வயதையும் விலையையும் கணிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

"இது நூறு வருஷத்துச் சாமான்." பழஞ்சாமான் விற்கும் இடங்களில் அடிக்கடி காதில் விழும் இந்தப் பேச்சு பெரும்பாலும் பாதி உண்மை. இடித்த வீட்டிலிருந்து வந்த உத்தரமோ கதவோ நூறு வருஷத்தைத் தாண்டியிருக்கும். அதை அறுத்துச் செய்த மேசை போன தீபாவளிக்குச் செய்ததாக இருக்கும். மரத்தின் வயது வேறு, சாமானின் வயது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்துவிடும்.

செட்டிநாட்டுப் பக்கம் உறவினர், நண்பர் வீடுகளில் பாகம் பிரிக்கும்போதும் வீட்டைக் காலி செய்யும்போதும் மரச்சாமான்களைப் பார்த்துக் கணக்கெழுதிக் கொடுத்து வருகிறேன். கூட வரும் புதியவர்கள் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வரிசையை மாற்றிவிடுகிறார்கள். முகப்பைப் பார்ப்பார்கள், செதுக்கு வேலையைத் தடவுவார்கள், விலை கேட்பார்கள், கடைசியில்தான் குனிந்து அடியைப் பார்ப்பார்கள். அதற்குள் மனசு வாங்குவதென்று முடிவு செய்திருக்கும். அதற்குப் பிறகு கண்ணில் படும் குறையெல்லாம் சின்னதாகவே தெரியும்.

கீழே உள்ள வரிசை அதற்கு நேர்மாறானது. மறைவான இடத்தில் தொடங்கி முகப்பில் முடிகிறது. தென் தமிழ்நாட்டு வீடுகளில் கிடைக்கும் தேக்கு, ஈட்டிச் சாமான்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

நல்ல டார்ச், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ், அளவு டேப், சின்னக் காந்தம், வெள்ளைப் பருத்தித் துணி, கொஞ்சம் பஞ்சு, பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட் ஒரு சிறு புட்டியில், திருப்புளி, நோட்டு, பென்சில். இவ்வளவு போதும்.

டார்ச்சை நேராக அடிக்கக் கூடாது. பலகையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். அப்போதுதான் ரம்பத் தடமும் இழைப்புளித் தடமும் நிழல் விழுந்து தெரியும். நேர் வெளிச்சத்தில் எல்லாப் பலகையும் வழுவழுப்பாகவே இருக்கும்.

பகலில் போங்கள், துணைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். அலமாரியைத் தனியாகச் சாய்க்க முயன்று கால் முறிந்த சம்பவத்தை நேரில் பார்த்திருக்கிறேன். முறிந்தது அலமாரியின் கால்தான். அந்த ஒரு நிமிஷத்தில் அதன் விலை பாதியாகிவிட்டது.

2. துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்

தூசியோடு, சிலந்திக் கூட்டோடு, இருக்கிற நிலையிலேயே படம் எடுங்கள். முன், பின், இரு பக்கம், அடி, டிராயரின் உள்ளே, பூட்டுக்கு அருகில். நீள, அகல, உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

காரணம் இதுதான்: மூலைகளில் படிந்த அழுக்கும் ஒரு சாட்சி. எண்பது வருஷத்து அழுக்கு செதுக்கு வேலையின் பள்ளங்களில் கறுத்து இறுகியிருக்கும், மேடான இடங்களில் இருக்காது. பழசாகக் காட்டப் பூசிய கறுப்பு, மேடு பள்ளம் பார்க்காமல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். ஈரத்துணியால் ஒருமுறை நன்றாகத் துடைத்துவிட்டால் இந்த வித்தியாசம் போய்விடும்.

3. கவிழ்த்துப் பாருங்கள்

மொத்த வேலையில் பாதி இங்கேதான். மேசையைக் கவிழுங்கள், நாற்காலியைத் தலைகீழாக்குங்கள், டிராயர்களை முழுக்க உருவி வெளியே வையுங்கள், அலமாரியின் முதுகைச் சுவரிலிருந்து விலக்குங்கள். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று ஆசாரி விட்ட இடங்களில் பாலிஷ் இருக்காது, பொய்யும் குறைவாக இருக்கும்.

முதலில் நிறம். பாலிஷ் படாத மரம் காற்றுப் பட்டுக் கறுக்கும், ஆனால் சீராகக் கறுக்காது. டிராயரின் முன்பக்க விளிம்பு நிறம் மாறியிருக்கும். எப்போதும் மூடியே கிடந்த உட்பக்கம் வெளிறியிருக்கும். மேசை அடியில் கைபடும் ஓரம் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னும். அடி முழுக்க ஒரே காப்பி நிறத்தில் இருந்தால் சந்தேகப்படுங்கள். லேசாக நனைத்த வெள்ளைத் துணியால் ஓர் ஓரத்தைத் தேயுங்கள். சாம்பலும் கறுப்புமாக வந்தால் பெரும்பாலும் அழுக்கு. சிவப்பாகவோ பழுப்பாகவோ சாயம் இறங்கினால் யாரோ டிகாக்ஷனோ வண்ணமோ பூசியிருக்கிறார்கள்.

அடுத்து ரம்பத் தடம். கையால் இழுத்த பெரிய ரம்பம் நேர்கோடுகளாக, ஆனால் இடைவெளி ஒன்றுபோல இல்லாமல் தடம் விடும். வட்ட ரம்பம் வில் மாதிரி வளைந்த கோடுகளை விடும். வளைந்த கோடு இருந்தால் புதுசு என்று ஒரு பாடம் சொல்வார்கள். பர்மா தேக்கில் இந்தப் பாடம் ஏமாற்றிவிடும். ரங்கூனிலும் மௌல்மீனிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே நீராவியில் ஓடும் மரமில்கள் இருந்தன, அங்கே அறுத்த மரமும் இங்கே வந்தது. ஆகவே தடத்தின் வகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: மறைவான பாகங்கள் எல்லாவற்றிலும் ஒரே கை தெரிகிறதா? நான்கு டிராயரில் மூன்றின் அடிப்பலகை ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் வேறு மரமாகவும் இருந்தால், அந்த ஒன்று பிறகு செய்தது. மேல்பாகமும் கீழ்பாகமும் தனித்தனியாக இருக்கும் அலமாரியில் இரண்டின் முதுகையும் பக்கத்தில் பக்கத்தில் ஒப்பிடுங்கள். வெவ்வேறு வீட்டிலிருந்து வந்த இரண்டு பாதிகளைச் சேர்த்து ஒன்றாக விற்பது வழக்கம்தான்.

மூன்றாவது, பழைய மரத்தில் செய்த புதுச் சாமானைக் காட்டிக்கொடுக்கும் தழும்புகள். எதற்கும் பயன்படாத துளை. மரத்துண்டு வைத்து அடைத்த சதுரப் பள்ளம். ரேகைக்குள் ஒளிந்திருக்கும் பச்சை அல்லது நீலப் பெயிண்ட். இரும்பு ஆணி இருந்த இடத்தில் கறுப்பு வட்டம், ஆனால் ஆணி அடிக்க அங்கே ஒரு காரணமும் இருக்காது.

பூச்சித் துளையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். மரத்தைத் துளைக்கும் வண்டு வெளியே வரும்போது மேற்பரப்பில் வட்டமான சிறு துளையைத்தான் விடும். அதன் சுரங்கப் பாதை உள்ளே ஓடும். பாதையே நீளவாக்கில் பிளந்து, வாய்க்கால் மாதிரி மேற்பரப்பில் தெரிந்தால், வண்டு தின்ற பிறகுதான் அந்தப் பலகை அறுக்கப்பட்டிருக்கிறது. தின்ற மரம் பழசு, செய்த சாமான் புதுசு. இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

ஆரம்ப காலத்தில் ஓர் எழுத்து மேசையை, விலை பேசி முடித்த பிறகே கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகையில் பச்சைப் பெயிண்ட், கம்பி நுழைந்த துளைகள் வரிசையாக அடைக்கப்பட்டிருந்தன. அது ஒரு ஜன்னலின் சட்டம். மேசை உறுதியானது, இன்றும் எழுத உதவுகிறது. ஆனால் பழைய மேசைக்கான விலையைக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து கவிழ்க்காமல் விலை பேசுவதில்லை.

4. மரம் எதுவென்று பாருங்கள்

மரம் வயதைச் சொல்லாது. விலையின் அடிமட்டத்தைச் சொல்லும். அதனால்தான் கவிழ்த்துப் பார்த்த பிறகு இதைச் செய்கிறோம்.

தேக்கைக் குறுக்கு வெட்டில் பாருங்கள். காலின் அடிப்பாகமோ பலகையின் நுனியோ போதும். ஒவ்வொரு ஆண்டு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை கட்டி நிற்பது லென்ஸில் தெரியும். தொட்டால் லேசான எண்ணெய்ப் பதம், முகர்ந்தால் பழைய தோல் வாசனை. ஈட்டி (தோதகத்தி என்றும் சொல்வார்கள், கடையில் ரோஸ்வுட்) ஊதா கலந்த பழுப்பில் கறுப்புக் கோடுகளோடு இருக்கும். தேக்கைவிட நன்றாகவே கனமானது: தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ என்றால் ஈட்டி சுமார் 850 கிலோ. ஈட்டி மாதிரிச் சாயம் போட்ட மட்ட மரம் அடிக்கடி வரும். காலின் அடியிலோ டிராயரின் பின் விளிம்பிலோ சிராய்ப்பு ஒன்றைத் தேடிப் பாருங்கள், உள்ளே வெளுப்பாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும். பலா புதிதில் மஞ்சளாக இருந்து நாளாக ஆகச் சிவந்த பழுப்பாகும். வேங்கைச் சீவலைத் தண்ணீரில் போட்டால் பழுப்பாகி, வெளிச்சத்தில் நீலச் சாயல் காட்டும்.

"பர்மா தேக்கா, நாட்டுத் தேக்கா?" எல்லோரும் கேட்கும் கேள்வி இது. செய்து முடித்து பாலிஷும் போட்ட சாமானில் இதைக் கண்ணால் மட்டும் பார்த்து அடித்துச் சொல்கிறவரை நான் நம்புவதில்லை. அதற்குப் பதில் கண்ணுக்குத் தெரிவதைக் குறியுங்கள். பலகை ஒட்டுப் போடாத ஒற்றைப் பலகையா? எத்தனை அங்குல அகலம்? முடிச்சு உண்டா? ரேகை நேராக ஓடுகிறதா? ஓரங்களில் வெள்ளை, அதாவது வைரம் பாயாத வெளிமரம், எவ்வளவு? இரண்டடி அகலத்தில் முடிச்சில்லாத, வெள்ளையில்லாத ஒற்றைப் பலகை என்றால், அது எந்த ஊர் மரமானாலும் பெரிய முதிர்ந்த மரம். இன்று அப்படியொன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம், விலையும் அதற்குத்தான்.

5. மூட்டும் பசையும்

பழைய சாமானில் பெரும்பாலும் துளையும் கழுந்தும்தான்: ஒரு சட்டத்தில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் கழுந்து, குறுக்கே ஒரு மூங்கில் ஆணி. டிராயர் மூலைகளில் புறா வால் வடிவ மூட்டு. கையால் வெட்டியதில் ஒரு வாலும் அடுத்த வாலும் அச்சாக ஒன்றுபோல இராது, கோடு கிழித்த தடமும் தெரியும்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு, கைவேலை மூட்டைப் பார்த்ததும் "அப்போ ரொம்பப் பழசு" என்று எழுதிவிடுவது. ஐரோப்பாவில் அது செல்லும். அங்கே இயந்திரம் சீக்கிரம் வந்துவிட்டது. நம் ஊரில் ஆசாரிகள் 1980-களிலும் அதற்குப் பிறகும் கையாலேயே கழுந்து வெட்டினார்கள். ஆகவே மூட்டு வேலையின் தரத்தைச் சொல்லும், வயதைத் தனியாகச் சொல்லாது.

வயதுக்குப் பசை நல்ல சாட்சி. வச்சிரம் (விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை) காய்ந்தால் பழுப்பாக, கண்ணாடித் துண்டு மாதிரி நொறுங்கும், வெந்நீர் பட்டால் இளகும். மூட்டின் ஓரத்தில் பால் வெள்ளையாகவோ, காய்ந்து ரப்பர் மாதிரி ஒளி ஊடுருவும் படலமாகவோ பசை வழிந்திருந்தால் அது இக்காலப் பசை. ஃபெவிக்கால் சந்தைக்கு வந்தது 1959-ல். ஆனால் ஒரு மூட்டில் மட்டும் அது இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். எல்லா மூட்டிலும் இருந்தால்தான் செய்த காலத்தைப் பற்றிப் பேச முடியும்.

சுருக்கத்தையும் அளந்து பாருங்கள். மரம் ரேகைக்குக் குறுக்கே சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் பழைய வட்ட மேசை சரியான வட்டமாக இருக்காது. ரேகையோடு ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை அளந்தால் குறுக்களவு குறையும். தேக்கு அதிகம் சுருங்காத மரம், சில மில்லிமீட்டர் வித்தியாசமே போதுமானது. கதவுச் சட்டத்துக்குள் இருக்கும் பலகை சுருங்கி, ஓரத்தில் பாலிஷ் படாத மெல்லிய கோடு தெரிவதும் இதே கதைதான்.

6. ஆணி, திருகு, கீல், பூட்டு

ஒரு திருகைக் கழற்றிப் பாருங்கள், உரிமையாளர் சம்மதித்தால். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய திருகுகளுக்குக் கூர்நுனி இருக்காது, மழுங்கி நிற்கும், மரையும் சீராக இராது. கூர்நுனித் திருகு அதற்குப் பிறகு பரவியது. ஸ்டார் திருகு 1930-களில் அமெரிக்காவில் வந்தது. ஆகவே ஸ்டார் திருகு முதலிலிருந்தே அங்கே இருந்ததென்றால் சாமான் அதற்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை.

"முதலிலிருந்தே" என்பதுதான் முக்கியம். கீலைச் சுற்றி வேறு அளவில் ஒரு நிழல் தெரிகிறதா, அடைத்த துளை பக்கத்தில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் கீல் மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றிய கீல் சாமானின் வயதைப் பற்றி எதுவும் சொல்லாது. விலையில் மட்டும் கொஞ்சம் குறைக்கும்.

பித்தளைக் கைப்பிடியில் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். இங்கிலாந்தில் செய்த உலோகப் பாகங்களில் சிறிய வைர வடிவ முத்திரை இருந்தால், அந்த வடிவமைப்பு 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவானது. 1884 முதல் வைர வடிவம் போய் வெறும் பதிவு எண் வந்தது. பதிவான ஆண்டுதான் இது, அதன் பிறகும் அதே கைப்பிடியைப் பல ஆண்டுகள் வார்த்திருப்பார்கள். ஆகவே இதற்கு முன்னால் இல்லை என்று மட்டும் எழுதுங்கள்.

7. எழுத்தும் காகிதமும்

எனக்குப் பிடித்த பகுதி இது. சாமான் தானே பேசும் இடம்.

செட்டிநாட்டு வீடுகளில் சாமான் மேல் குடும்ப விலாசத்தின் (முகவரி அல்ல, வீட்டு முன்னோர் பெயர்களின்) முதலெழுத்துகளைப் பொறித்தோ பெயிண்டில் எழுதியோ வைத்திருப்பார்கள். அது தெரிந்தால் எந்த வீட்டுச் சாமான் என்று தேட ஒரு நூல் கிடைத்துவிடும். டிராயருக்குள் பென்சிலில் கிறுக்கிய கணக்கைத் தேடுங்கள். ரூபாய், அணா, பைசாவாக இருந்தால் 1957-க்கு முன் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம், அந்த ஆண்டுதான் நயா பைசா வந்தது. சட்டங்களின் மறைவான முகத்தில் தமிழ் எண்கள் செதுக்கியிருந்தால், எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று ஆசாரி இட்ட குறி அது. குறிகள் வரிசை தவறாமல் இருந்தால் பாகங்கள் மாறவில்லை என்று தெம்பாகச் சொல்லலாம்.

கடைச் சீட்டு ஒட்டியிருந்தால் முகவரியைப் படியுங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. "மெட்ராஸ்" அதிகாரப்பூர்வமாகச் "சென்னை" ஆனது 1996-ல். வளைமர (நீராவியில் வளைத்த மரத்தாலான) நாற்காலிகளின் இருக்கைக்கு அடியில் தோனெட், கோன் போன்ற வியன்னா நிறுவனங்களின் சீட்டோ முத்திரையோ இருக்கலாம். தோனெட்டின் புகழ்பெற்ற 14-ஆம் எண் நாற்காலி 1859-ல் வந்தது, 1869-ல் அவர்களுடைய காப்புரிமை முடிந்ததும் பலரும் அதே மாதிரி செய்யத் தொடங்கினார்கள். வளைந்த மரம் என்பதாலேயே தோனெட் என்று எழுதிவிடாதீர்கள். சீட்டு வேண்டும்.

சீட்டையும் சந்தேகப்பட வேண்டும். விளிம்பு கொஞ்சம் பிரிந்திருந்தால் உள்ளே எட்டிப் பாருங்கள். பழைய சீட்டின் அடியில் மரம் வெளிறியிருக்கும். சுற்றிலும் இருக்கும் அதே கறுப்பு அடியிலும் இருந்தால் சீட்டு அண்மையில் ஒட்டியது. டிராயரில் விரித்த பழைய செய்தித்தாளுக்கு நான் எந்த மதிப்பும் தருவதில்லை, யாரும் எப்போதும் விரிக்கலாம்.

8. பாலிஷ்

மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிஷம் வைத்து எடுங்கள். பிசுபிசுத்துப் பஞ்சில் பழுப்பாக வந்தால் அது அரக்கில் செய்த பிரெஞ்சு பாலிஷ். அசையவே இல்லையென்றால் இக்காலப் பூச்சாக இருக்கலாம். அரக்கு பாலிஷ் இன்றும் போடுகிறார்கள், அதனால் அது பழமைக்குச் சான்று ஆகாது. கரையாத பூச்சு இருந்தால் மறுபாலிஷ் ஆகியிருக்கிறது, அல்லது சாமானே புதுசு. இதை ஒருபோதும் மேசையின் மேற்பரப்பில் செய்யாதீர்கள். வெள்ளைத் தழும்பு விழுந்தால் அதைப் போக்கத் தனியாக ஒருவரை அழைக்க வேண்டியிருக்கும்.

9. தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா?

அந்தச் சாமானை நீங்களே பயன்படுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் கை எங்கே படும்? அங்கே வழவழப்பு வேண்டும். மேசையின் குறுக்குச் சட்டத்தில் கால் எங்கே ஊன்றும்? அங்கே குழி விழுந்திருக்க வேண்டும். டிராயர் ஓடும் தடம் தேய்ந்திருந்தால் டிராயரின் அடி விளிம்பும் அதே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று தேய்ந்து மற்றது தேயாவிட்டால் இரண்டும் ஒரே சாமானின் பாகங்கள் அல்ல. ஊஞ்சல் பலகையில் கொக்கி மாட்டும் துளைகளின் ஓரம் பாருங்கள்.

கால்களின் அடி தனியாகப் பார்க்க வேண்டியது. தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவிய வீடுகளில் அடி ஓரிரு அங்குலம் கறுத்து நைந்திருக்கும். அதை அறுத்து எறிந்துவிட்டு விற்பதுண்டு. சாப்பாட்டு நாற்காலியின் இருக்கை உயரம் வழக்கமாகப் பதினேழு பதினெட்டு அங்குலம் இருக்கும். பதினைந்துதான் என்றால் கால் குறைக்கப்பட்டிருக்கலாம்.

பிரம்பு இருக்கையில் சட்டத்தைச் சுற்றித் துளைகள் இருந்து ஒவ்வொன்றிலும் பிரம்பு நுழைந்திருந்தால் கைப்பின்னல். துளையில்லாமல் ஒரு பள்ளத்தில் பின்னலை அழுத்தி மேலே ஒரு பிரம்புக் கீற்று ஓட்டியிருந்தால் இயந்திரப் பின்னல். பிரம்பு கிழிவதும் மாற்றுவதும் இயல்பு, ஆகவே பிரம்பு புதுசு என்பது குறையல்ல. துளைகள் இருக்க வேண்டிய நாற்காலியில் பள்ளம் வெட்டியிருப்பதுதான் குறை.

10. வயதை எழுதும் முறை

இனித்தான் வயதுக்கு வருகிறோம். விதி ஒன்றே: முதலிலிருந்தே இருக்கும் பாகங்களில் எது மிகப் புதியதோ, அதுதான் சாமானின் வயதுக்கு எல்லை.

ஓர் அலமாரியில் புறா வால் மூட்டு, தட்டைத் தலைத் திருகு, அரக்கு பாலிஷ் எல்லாம் இருக்கின்றன. பார்த்தால் 1920-களைச் சேர்ந்ததாகத் தோன்றும். முதுகில் ஒட்டிய சீட்டில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, சீட்டின் அடியில் வெளிறிய மரம். முதலில் இருந்த சீட்டுதான் என்று பட்டால், அலமாரி 1972-க்குப் பிந்தையது. மற்ற பத்து அடையாளமும் சேர்ந்தாலும் இதை வெல்ல முடியாது, ஏனென்றால் அவையெல்லாம் 1972-க்குப் பிறகும் நம் ஆசாரிகள் செய்துகொண்டிருந்தவை.

வடிவத்தைக் கடைசியில் சேருங்கள். மூலை உருண்டு, படிப்படியாக ஏறும் ஆர்ட் டெக்கோ பாணி 1930, 40-களின் நாகரிகம். ஆனால் ஒரு பாணி பிடித்துவிட்டால் ஊர் ஆசாரி அதை இருபது வருஷம் செய்வார். பாணி எப்போது தொடங்கியது என்று சொல்லும், எப்போது முடிந்தது என்று சொல்லாது.

ஒற்றை ஆண்டு எழுதாதீர்கள். "1925 முதல் 1945 வரை, இடது கீல் பிறகு மாற்றியது, அடிப்பலகை ஐயம்" என்று எழுதுங்கள். எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே மறந்திருப்பீர்கள்.

11. விலையை மூன்று கோடுகளில் போடுங்கள்

முதல் கோடு, மரத்தின் விலை. நீளம் அடியில், அகலமும் கனமும் அங்குலத்தில், மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. ஒரு தேக்கு மேசையை எடுத்துக்கொள்வோம். மேற்பலகை 5 அடி, 30 அங்குலம், 1 அங்குலக் கனம்: 1.04 கன அடி. நான்கு கால், ஒவ்வொன்றும் இரண்டரை அடி, 3-க்கு 3 அங்குலம்: சேர்த்து 0.63. சுற்றுச் சட்டங்கள் நான்கு சேர்த்து சுமார் 0.36. ஆக இரண்டு கன அடிக்குச் சற்று மேல். இழைப்பிலும் அறுப்பிலும் போனதற்குக் கால் பங்கு கூட்டினால் இரண்டரை. பக்கத்து மரக்கடையில் பழைய தேக்கு கன அடி என்ன விலை என்று கேட்டுப் பெருக்குங்கள். சாமான் நல்ல நிலையில் இருந்தால் இந்தக் கோட்டுக்குக் கீழே கொடுக்கக் கூடாது. தெருவில் வந்து "மொத்தமாக ஒரு விலை" பேசுகிறவர்களிடம் கணக்கில்லாமல் பெட்டகத்தையும் ஊஞ்சலையும் கொடுத்த குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பென்சிலும் டேப்பும் இருந்தால் நடந்திருக்காது.

இரண்டாவது கோடு, இன்று அதையே செய்ய ஆகும் செலவு. மர விலையோடு ஆசாரி கூலி, கடைசல், செதுக்கு வேலை, பாலிஷ், பித்தளைச் சாமான் எல்லாம் கூட்டுங்கள். நல்ல ஆசாரி ஒருவரிடம் படத்தைக் காட்டி எத்தனை நாள் வேலை என்று கேட்டால் சொல்லிவிடுவார். சாதாரண பெஞ்சு, சாதாரண மேசைக்கு இந்தக் கோடுதான் கிட்டத்தட்ட உச்சம். புதிதாகவே செய்துகொள்ளலாம் என்றால் யார் அதிகம் கொடுப்பார்கள்?

மூன்றாவது கோடு, அதற்கு மேலே போக வைப்பது. அரிய வடிவம், மாறாத பாகங்கள், செதுக்கு வேலையின் தரம், எந்த வீட்டில் யார் பயன்படுத்தியது என்பதற்கான ஆதாரம். வேலையின் தரத்தைப் பார்க்கும்போது பூவின் முன்பக்கத்தை விட்டுவிட்டு இதழின் ஓரத்தையும் குழியின் அடியையும் பாருங்கள். நல்ல கை அங்கேயும் சுத்தமாக இருக்கும். ஜோடியாகவும் தொகுதியாகவும் இருப்பதற்குத் தனி மதிப்பு உண்டு: ஆறு நாற்காலி சேர்ந்திருந்தால் ஒன்றின் விலையை ஆறால் பெருக்குவதைவிட அதிகம் கேட்கலாம், நான்கு பழசும் இரண்டு நகலும் என்றால் கேட்க முடியாது.

குறைக்க வேண்டியவற்றையும் தயங்காமல் குறையுங்கள். மாற்றிய கால், மேலே ஒட்டிய மைக்கா, உளுத்த அடிப்பாகம், இரண்டு சாமானைச் சேர்த்தது. கடைசியாகச் சொன்னதற்கு நான் மூன்றாவது கோட்டையே அழித்துவிடுவேன். தட்டிப் பார்க்கும்போது துளையிலிருந்து புதுப்பொடி உதிர்ந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது, மருந்தடிக்கும் செலவைக் கழிக்க வேண்டும்.

அளவும் விலையைத் தீர்மானிக்கும். வளவு வீட்டுக்குச் செய்த எட்டடி அலமாரியும் சப்பரக்கட்டிலும் அடுக்குமாடி லிஃப்டில் ஏறாது, படுக்கையறைக் கதவுக்குள் நுழையாது. வேலை எவ்வளவு அருமையாக இருந்தாலும் வாங்குபவர் குறைவு. சின்னக் கணக்குப்பிள்ளை மேசையும் கைப்பெட்டியும் சீக்கிரம் விலை போவது இதனால்தான்.

பிறகு சந்தையோடு ஒப்பிடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரை நாள் ஒதுக்கி ஒரே வகைச் சாமானை மூன்று நான்கு கடைகளில் கேட்டு எழுதுங்கள். அது விற்கும் விலை என்பதை மறக்காதீர்கள். வாங்கி, பழுது பார்த்து, இடம் கொடுத்து வைத்திருக்கும் வியாபாரி உங்களுக்கு அதைத் தர முடியாது, அது நியாயமும் அல்ல. இணையத்தில் ஒருவர் போட்டிருப்பது கேட்கும் விலை மட்டுமே. மாதக்கணக்கில் அதே இடத்தில் விற்காமல் நின்றால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

12. விற்பதற்கு முன் சட்டம்

1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைவேலை, கைவினைப் பொருள் தொல்பொருளாகலாம். அப்படிப்பட்டதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய சாமானை அனுப்ப நினைத்தால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு பிறகு கப்பலைப் பற்றி யோசியுங்கள். ஈட்டி மரத்துக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: 2017 முதல் அது சேர்ந்த பேரினம் முழுவதும், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் (CITES) கண்காணிப்புப் பட்டியலில் இருக்கிறது.

தந்தம் பதித்த பெட்டியோ நாற்காலியோ கையில் வந்தால் விலை பேசவே வேண்டாம். தந்த வணிகம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது, பழையது என்று சொன்னாலும் தப்பிக்க முடியாது. வீட்டில் இருந்தால் வழக்கறிஞரையோ வனத்துறையையோ கேட்டுக்கொள்ளுங்கள்.

13. கணக்கு முடியும் வரை செய்யக் கூடாதவை

உப்புத்தாள் போடாதீர்கள். ஒரு மணி நேரத் தேய்ப்பில் எண்பது வருஷ நிறம் போய்விடும், எந்தப் பாலிஷாலும் அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. சோப்புத் தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் வேண்டாம், வச்சிரம் இளகி மூட்டு விட்டுப்போகும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், வாங்குகிறவர் அதைப் புதுசென்று நினைப்பார். கழன்ற குமிழையும் உடைந்த கடைசல் துண்டையும் குப்பையில் போடாமல் ஒரு துணிப்பையில் கட்டி அதே டிராயருக்குள் வையுங்கள்.

வண்டியில் ஏற்றுவதென்றால் பிரிக்கும் முன் ஒவ்வொரு பாகத்தின் மறைவான முகத்திலும் சாக்பீஸால் எண் போடுங்கள். திருகுகளை எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். பழைய திருகு அதனதன் துளையில்தான் பிடிக்கும்.